விசில் ஊதுவதற்கு முன்: சிறுவர் பந்தாட்ட நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத் திடலில் பிள்ளைகளின் பந்தாட்டம் சண்டையில் முடிந்தால், "ரெஃப்ரிக்குக் கண் தெரியல" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் கண்ணில் கோளாறு இருக்காது. அவசரப்பட்டு ஊதியிருப்பார். ஊதிவிட்டு, ஆட்டத்தை மறுபடி எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றிருப்பார். அந்தச் சிறு தடுமாற்றம் போதும். இரண்டு பயிற்சியாளர்கள், நாலு அப்பாக்கள், ஒரு தாத்தா என்று எல்லாரும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார்கள்.

மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயா பக்கம் (பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) சிறுவர் போட்டிகளில் விசில் ஊதுபவர் பெரும்பாலும் முறையாகப் பயிற்சி பெற்ற நடுவராக இருப்பதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருப்பார், பழைய ஆட்டக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் கோப்பி குடிக்க வந்த யாருடைய அண்ணனாவது பிடிபட்டிருப்பார். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். அவற்றைச் சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம் ஆண்டுதோறும் பார்த்துத் திருத்துகிறது. நாம் பள்ளியில் ஆடிய காலத்து விதி பல இடங்களில் இப்போது செல்லாது.

முதல் தவறு ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது: போட்டியின் விதியைக் கேட்காமல் திடலில் இறங்குவது. ஏழு பேர் ஆட்டமா, ஒன்பது பேரா? ஆஃப்சைடு உண்டா? வெளியே போன பையன் திரும்பி வரலாமா? சமநிலையானால் நேராகப் பெனால்டிதானா? சிறுவர் ஆட்டத்துக்குத் திடலின் அளவு, பந்து, நேரம், மாற்று ஆட்டக்காரர் முறை இவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ள விதிப் புத்தகமே இடம் தருகிறது. அதனால் போட்டிக்குப் போட்டி வேறுபடும். ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு பயிற்சியாளர்களையும் ஒன்றாக நிறுத்தி ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொன்னது சொல்லாததற்குச் சமம்.

அப்படியே கோல் கம்பத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தூக்கி வைக்கும் வகைக் கம்பம் என்றால் தரையோடு கட்டியிருக்க வேண்டும், அல்லது பின்னால் மணல் மூட்டைகள் இருக்க வேண்டும். பிள்ளைகள் குறுக்குக் கம்பத்தில் தொங்குவார்கள். கம்பம் சாய்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கட்டாத கம்பத்தோடு ஆட்டத்தைத் தொடங்காதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கயிறு, காப்பு விஷயம் கொஞ்சம் நாசூக்கானது. சங்கிலி, மோதிரம், கடுக்கன், காப்பு, ரப்பர் வளையம் எதுவும் கூடாது என்பது விதி. மேலே டேப் ஒட்டி மறைத்தாலும் ஒப்புக்கொள்ள முடியாது. கோயிலில் கட்டிய மெல்லிய நூலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தாயத்துக் கூடு, வெள்ளிக் காப்பு என்று உலோகம் வந்துவிட்டால் கழற்றத்தான் வேண்டும். எல்லார் முன்னாலும் பையனை அதட்டாமல் அவன் அம்மாவைக் கூப்பிடுங்கள். "அக்கா, ஆட்டம் முடியிற வரைக்கும் நீங்க வச்சிருங்க" என்றால் வேலை முடிந்தது.

இனி ஆட்டத்துக்குள் போவோம். எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டிக் கோலுக்கு அருகில் இருப்பதுதான் ஆஃப்சைடு நிலை. அந்த நிலையில் நிற்பது குற்றமே கிடையாது. தன் அணிக்காரன் பந்தை உதைக்கும் நொடியில் அங்கே இருந்து, பிறகு அந்தப் பந்தை ஆடினாலோ எதிரணிக்காரனுக்குத் தடையாக இருந்தாலோதான் குற்றம். வலது ஓரத்தில் சும்மா நிற்கும் பையனைப் பார்த்து விசில் ஊதி, இடது பக்கம் உருவான அழகான கோலைக் கெடுக்கும் நடுவர்கள் எல்லாத் திடலிலும் இருக்கிறார்கள். ஒரு நொடி பொறுத்தால் பந்து யாரிடம் போகிறது என்று தெரிந்துவிடும். சொந்தப் பாதியில் இருந்தால் ஆஃப்சைடு இல்லை. எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரருக்கு நேர்க்கோட்டில் இருந்தாலும் இல்லை. கோல் கிக், த்ரோ, கார்னர் இந்த மூன்றிலிருந்து நேராக வரும் பந்துக்கும் இல்லை. ஓரத்திலிருந்து அதிகச் சத்தம் வருவது த்ரோவுக்குத்தான். காதில் வாங்காதீர்கள். கோட்டு நடுவர் இல்லாத ஆட்டத்தில் நடுவட்டத்திலேயே நின்றுகொண்டு ஆஃப்சைடு கொடுப்பது வெறும் ஊகம். பந்தோடு ஓடத்தான் வேண்டும்.

கையில் பட்ட பந்தெல்லாம் ஹேண்ட்பால் என்ற நம்பிக்கையை மாற்றுவது கடினம். பட்டதும் இருபது பேர் "ஹேண்டு!" என்று கத்த, விசில் தானாக வாய்க்குப் போகிறது. பார்க்க வேண்டியவை இரண்டு. வேண்டுமென்றே தொட்டானா? கையை இயல்பில்லாமல் விரித்தோ தூக்கியோ உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டானா? இரண்டும் இல்லையென்றால் ஆட்டம் தொடரட்டும். பத்து வயதுப் பிள்ளை முகத்துக்கு நேரே வரும் பந்துக்குப் பயந்து கையால் முகத்தை மறைத்தால் அதைத் திட்டமிட்ட குற்றமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. கை எங்கே தொடங்குகிறது என்பதிலும் தெளிவு உண்டு. அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே தோளில் பட்டால் அது கை இல்லை. கோல் போட்டவனுக்கு மட்டும் விதி கடுமையானது. அவன் கையில் பட்டுப் பந்து நேராக உள்ளே போனாலோ, பட்ட உடனே அவனே கோல் அடித்தாலோ, தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் செல்லாது.

அதிகச் சண்டை வரும் இடம் கீப்பருக்குத் திருப்பித் தரும் பந்து. தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் உதைத்துத் தந்த பந்தைக் கீப்பர் தன் பெனால்டி ஏரியாவுக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டம்) கையால் எடுத்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக், அதாவது உதைத்த பந்து இன்னொருவர் மேல் படாமல் நேராக உள்ளே போனால் கோல் ஆகாது. இது 1992இல் வந்த விதி. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் கீப்பர் அவர். 1988இல் காலமானார். அவர் காலத்தில் அந்தப் பந்தைக் கையால் எடுப்பது சாதாரணம். ஆகவே "தம்பி, கீப்பர் கையில எடுக்காம வேற எதுல எடுப்பான்?" என்று தாத்தா கேட்டால், அவர் பார்த்த ஆட்டத்தின்படி அவர் சொல்வது சரிதான். மரியாதையாக "விதி மாறிடுச்சு ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் இந்த விதியைப் பாதி தெரிந்துகொண்டு ஊதுவதுதான் இன்னும் மோசம். தலையால், மார்பால், தொடையால் தந்த பந்தைக் கீப்பர் தாராளமாக எடுக்கலாம். எதிரணிக்காரனிடமிருந்து பந்தைத் தட்டிவிடப் பார்த்து, அது தவறிக் கீப்பரிடம் போனாலும் குற்றம் இல்லை, ஏனென்றால் அது அவருக்கென்று உதைத்தது இல்லை. சிறுவர் ஆட்டத்தில் பாதிப் பந்துகள் இப்படித் தவறிப் போகிறவைதான். சந்தேகம் இருந்தால் ஊதாதீர்கள். சொந்த அணிக்காரனின் த்ரோவைக் கீப்பர் கையால் பிடித்தால் மட்டும் அதுவும் மறைமுக ஃப்ரீ கிக்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஊதியாயிற்று. இப்போது என்ன? பெனால்டி இல்லை, நன்றாக நினைவில் வையுங்கள். கையை உயரத் தூக்கி, உதைத்த பந்து இன்னொருவர் மேல் படும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். கையைத் தூக்க மறந்து, பந்து நேராக வலைக்குள் போய்விட்டால் அந்த உதையை மறுபடி எடுக்கச் செய்ய வேண்டும், அதாவது உங்கள் மறதிக்குத் திடலே பதில் கேட்கும். குற்றம் கோல் ஏரியாவுக்குள் (பெனால்டி ஏரியாவுக்குள் இருக்கும் சிறிய கட்டம்), கம்பத்துக்கு மிக அருகில் நடந்திருந்தால் பந்தை அங்கேயே வைக்கக் கூடாது. கோல் கோட்டுக்கு இணையாக உள்ள கோல் ஏரியாக் கோட்டில், பக்கத்துப் புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். தற்காப்பு அணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க இடம் இருக்காது, அதனால் கம்பங்களுக்கு நடுவே தங்கள் கோல் கோட்டின்மேல் வரிசையாக நிற்கலாம். இதைச் சொல்லித் தராவிட்டால் பதினோரு பிள்ளைகளும் பந்தைச் சுற்றி நின்றுகொண்டிருப்பார்கள்.

கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கும் விதியும் மாறிவிட்டது. முன்பு 6 நொடி, மறைமுக ஃப்ரீ கிக். 2025-26 பருவத்திலிருந்து 8 நொடி தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியைக் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். சிறுவர் ஆட்டத்தில் முதல் தடவை வாயால் எச்சரித்து விடுவேன்.

அப்புறம், எந்தப் பயிற்சி வகுப்பும் தோட்டத் திடலை நினைத்து நடத்தப்படுவதில்லை. செம்பனைக்குள் மேயும் மாடுகள் உள்ளே வரும், நாய் பந்தை விரட்டும், பக்கத்துத் திடலின் பந்து உருண்டு வரும். இவை வந்த உடனே ஊதுவது தவறு. ஆட்டத்தில் தலையிட்டால்தான் நிறுத்த வேண்டும், பிறகு பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். கோலை நோக்கிப் போகும் பந்தை நாய் லேசாக உரசி, பந்து உள்ளேயும் போய்விட்டால்? தற்காப்பு ஆட்டக்காரர் பந்தை ஆட அந்த நாய் தடையாக இல்லையென்றால் கோல் செல்லும். ஓரத்தில் ஏதோ ஒரு வாண்டு விசில் ஊதி, அதை உங்கள் விசில் என்று நம்பிப் பையன் பந்தைக் கையில் எடுத்துவிட்டால் ஹேண்ட்பால் கொடுக்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்திப் பந்தைக் கீழே விடுங்கள். வாண்டிடமிருந்து விசிலை வாங்கிவைப்பதும் நல்லது.

பந்தைக் கீழே விடும் முறையும் பழையது இல்லை. இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி நடுவில் போடும் வழக்கம் 2019இல் போய்விட்டது. ஆட்டம் நின்றபோது பந்து பெனால்டி ஏரியாவுக்குள் இருந்தால் தற்காப்பு அணியின் கீப்பருக்கே விட வேண்டும். வெளியே என்றால் பந்து எந்த அணியிடம் இருந்ததோ அதன் ஒருவருக்கு. மற்ற எல்லாரும் 4 மீட்டர் தள்ளி. பந்து நடுவர் மேலேயே பட்டாலும், அதனால் பந்து மற்ற அணியிடம் போனாலோ, நல்ல தாக்குதல் தொடங்கினாலோ, நேராகக் கோலுக்குள் புகுந்தாலோ இதே முறைதான். இல்லையென்றால் ஆட்டம் தொடரும்.

தீர்ப்பு தப்பாகிவிட்டது என்று உடனே தெரிந்தால் மாற்றலாமா? ஆட்டம் மறுபடி தொடங்காதவரை மாற்றலாம், தொடங்கிய பின் முடியாது. பலர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு தவறிலேயே நிற்கிறார்கள். வேறு சிலர் ஓரத்தில் சத்தம் ஏறியதும் மாற்றுகிறார்கள். அதைவிடக் கெட்டது வேறில்லை. சத்தத்துக்கு ஒருமுறை வளைந்தால் மீதி ஆட்டத்தை அப்பாக்கள்தான் நடத்துவார்கள்.

அவர்களைச் சமாளிப்பது பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. பெற்றோருக்குக் கார்டு காட்ட முடியாது, பயிற்சியாளருக்குக் காட்டலாம். ஆகவே வேலியோரம் போய் வாக்குவாதம் செய்யாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி, "உங்க ஆளுங்கள நீங்க அடக்குங்க, அப்புறம் தொடங்கலாம்" என்று பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளே அப்பாவை முறைப்பார்கள்.

கடைசியாக இடி. நம் ஊரில் மாலை மழை சொல்லிக்கொண்டு வராது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவு என்றால் எல்லாரையும் வெளியேற்றுங்கள். மரத்தடிக்கோ கம்பத்தருகிலோ இல்லை, கட்டடத்துக்குள் அல்லது காருக்குள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். "இன்னும் ரெண்டு நிமிஷந்தானே சார்" என்பதற்கு இங்கே இடமில்லை. ஆட்டத்தைத் தொடர முடியாமல் போனால், முன்னிலையில் இருக்கும் அணி வென்றதாக நீங்களே அறிவித்துவிடாதீர்கள். பாதியில் கைவிட்ட ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்பதுதான் பொது விதி, வேறு முடிவு எடுப்பது ஏற்பாட்டாளர் வேலை. நின்ற நிமிடம், கோல் கணக்கு, பந்து யாரிடம் இருந்தது என்ற மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.