புது நாய் பிள்ளைகள்மேல் பாய்ந்து பல் வைக்கிறதா? முதலில் பிள்ளைகளை நிற்கப் பழக்குங்கள்

எங்கள் வீட்டு மைலோ, மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் உரக்கொட்டகைக்குப் பின்னால் பிறந்த குட்டி. அப்பா அதை பிஸ்கட் பெட்டியில் வைத்து, மோட்டாரில் முன்னால் கட்டிக் கொண்டுவந்தார். முதல் வாரம் வீடே அதன் காலடியில் கிடந்தது. இரண்டாவது வாரம் ஐந்து வயது மகனின் கெண்டைக்காலில் நாலு சிவப்புக் கோடு, ஒன்பது வயது மகளின் பள்ளிச் சீருடையில் ஓரம் கிழிசல். அம்மா “தோட்டத்துலயே கொண்டு போய் விட்டுடு” என்றார், மச்சான் “ரெண்டு பிரம்படி கொடு, தானா அடங்கும்” என்றார். இரண்டையும் நான் செய்யவில்லை, செய்யாதது நல்லதாகப் போயிற்று. என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

குட்டிநாய்க்கு வாய்தான் கை. எதையும் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அது கவ்வித்தான் பார்க்கும். 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி. மூன்று நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்து முடியும், அதுவரை ஈறு அரித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடும்போதுதான் அது கற்றுக்கொள்கிறது: பலமாகக் கடித்தால் அடுத்த குட்டி கத்தும், விளையாட்டு நின்றுவிடும். தோட்டத்துக் குட்டிகளை நாம் ஐந்து ஆறு வாரத்திலேயே தூக்கி வந்துவிடுகிறோம், பாடம் பாதியில் நின்றுவிடுகிறது. இன்னும் கொண்டுவரவில்லை என்றால் எட்டு வாரமாவது தாயோடு விட்டுவையுங்கள். கொண்டுவந்துவிட்டோம் என்றால், சரி, மீதிப் பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும்.

பிள்ளைகளைத்தான் அது அதிகம் கடிக்கும், காரணம் எளிது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், கீச்சென்று கத்துகிறார்கள், கையை உதறுகிறார்கள், பாவாடை ஆடுகிறது. ஒரு குட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டு அழைப்பு கிடையாது. மேலே பாய்வதும் அப்படித்தான், முகத்துக்குப் பக்கத்தில் வந்து வணக்கம் சொல்லப் பார்க்கிறது. பூனை அளவு இருக்கும்போது பாய்ந்தால் “ஐயோ செல்லம்” என்று தடவிக் கொடுப்போம், பதினைந்து கிலோ ஆனதும் அதே வேலைக்குத் திட்டுவோம். நாய்க்கு இது புரியாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அதற்குக் கவனம்தான் கூலி. சிரிப்பதும் கூலி, திட்டுவதும் கூலி, இரண்டு கையாலும் தள்ளிவிடுவது இரட்டைக் கூலி, ஏனென்றால் தள்ளுவதை அது மல்லுக்கட்டு என்று நினைக்கிறது. பாய்ந்தால், கடித்தால் கூலி இல்லை, நான்கு காலும் தரையில் இருந்தால் உடனே கூலி. இதை வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்தால்தான் பலிக்கும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது மரமாக நிற்பது. நாய் பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, கையை மடித்து நெஞ்சோடு வைத்து, தன் கால் விரலைப் பார்க்க வேண்டும், சத்தம் போடக் கூடாது. மகன் உடனே கேட்டான், “செம்பனை மரமாம்மா, பால்மரமா?” (பால்மரம் என்றால் ரப்பர் மரம்.) நான் யோசிப்பதற்குள் அவனே, “பால்மரம்தான், செம்பனை ஓலை ஆடும்” என்று முடிவு செய்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பால்மரம்.

இதை நாய் இல்லாமல் முதலில் பழக்குங்கள், மிக முக்கியம். எங்கள் வீட்டில் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து நாயாக நடித்தார். நான் “பால்மரம்!” என்றதும் இரண்டு பேரும் உறைந்து நிற்க வேண்டும், முதலில் சிரித்தவர் அவுட். நாலு நாள் சாயங்காலம் பத்து நிமிடம் விளையாடினோம். அப்புறம்தான் மைலோவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிஜமாகச் செய்து பார்த்தோம். மகள் நின்றாள், மைலோ இரண்டு முறை தாவிவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, சலித்துப்போய் உட்கார்ந்தது. அந்த நொடியில்தான் தீனி கொடுக்க வேண்டும். பாய்ந்து முடித்த பிறகு பத்து விநாடி கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது.

ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை நம்பி மட்டும் இதை விடாதீர்கள். காலில் ஊசிப்பல் இறங்கும்போது பால்மரமாவது ஒன்றாவது, அலறத்தான் செய்வான். அதனால் பெரியவர் யாரும் பார்க்க முடியாத நேரத்தில் இருவரையும் பிரித்து வைப்பதுதான் வழி. சமையல்கட்டு வாசலில் நான் ஒரு பலகையைக் குறுக்கே வைத்தேன், கடையில் விற்கும் தடுப்புக் கதவு இருந்தால் இன்னும் நல்லது. நான் வீட்டில் நடமாடும்போது மைலோவுக்கு இரண்டு மீட்டர் கயிறு, ஜன்னல் கிரில்லில் கட்டி, பக்கத்தில் கடிக்க ஒரு சாமான். கட்டிப்போட்டு விட்டுக் கடைக்குப் போய்விடக் கூடாது, கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

எங்களுக்குப் பெரிய சோதனை மதியம் பள்ளி வேன் வரும் நேரம். ஹாரன் சத்தம் கேட்டதும் மைலோ கேட்டில் முன்காலை வைத்து நிற்கும், கதவு திறந்ததும் மகன் பையோடு சேர்ந்து மல்லாக்க விழுவான். நான் செய்தது இவ்வளவுதான். வேன் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கையில் ஒரு பிடி நாய்த்தீனி. கேட் திறக்கும்போது அதைச் சிமெண்டுத் தரையில், பிள்ளைகள் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், கோழிக்கு அரிசி இறைப்பதுபோல் இறைத்துவிடுவேன். மூக்கு தரையில் இருக்கும்போது முன்கால் மேலே எழாது. அது பொறுக்கி முடிப்பதற்குள் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி, பையை வைத்து, தண்ணீர் குடித்துவிடுவார்கள். பரபரப்பு அடங்கிய பிறகு உட்காரச் சொல்லி, உட்கார்ந்தால் தடவிக் கொடுப்பார்கள், அதுவும் தலையில் இல்லை, நெஞ்சுப் பக்கம். இரண்டே வாரத்தில் ஹாரன் கேட்டால் மைலோ கேட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தது.

உட்காரச் சொல்வதில் ஒரு கூத்து. நான் “உட்கார்” என்பேன், வீட்டுக்காரர் “சிட்” என்பார், மகள் பள்ளிப் பழக்கத்தில் மலாயில் “டுடுக்” என்பாள். மூன்று மொழியில் ஆணை போனதும் மைலோ மூவரையும் மாறி மாறிப் பார்த்து நின்றது. ஒரு சொல்லை முடிவு செய்து குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். எங்களுடையது “உட்கார்”.

பழக்க ஆரம்பித்த நாலாவது ஐந்தாவது நாள் நிலைமை மோசமாகலாம், பயந்துவிடாதீர்கள். இதுவரை வேலை செய்த வித்தை பலிக்கவில்லையே என்று இன்னும் உயரமாகத் தாவும், இன்னும் கத்தும். அப்போது மனமிரங்கி ஒரு தடவை தடவிவிட்டால் போச்சு, “விடாமல் தாவினால் கிடைக்கும்” என்று அது கற்றுக்கொள்ளும்.

இப்போது பல் விஷயம். கை வாயில் மாட்டினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் துரத்தும், தோலும் கிழியும். கையைத் தளர விடுங்கள், விட்டதும் எழுந்து பலகைக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். இருபது முப்பது விநாடி போதும், பிறகு வந்து கடிக்கத் தகுந்த சாமானை நீட்டுங்கள். “ஆவ்” என்று கத்தினால் விட்டுவிடும் என்று பலரும் சொல்வார்கள், சில குட்டிகளுக்கு அது சரிப்படும், எங்களுடையது அதைக் கேட்டு இன்னும் குஷியானது. கடிக்கக் கொடுக்க எனக்குக் கைகொடுத்தது பழைய துவாலை: நனைத்து, முடிச்சுப் போட்டு, உறைய வைத்தேன். அரிக்கிற ஈறுக்கு அந்தக் குளிர்ச்சி சுகம். நூல் பிரிய ஆரம்பித்தால் தூக்கிப்போட்டுவிடுங்கள், விழுங்கிவிடும். சமைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். பழைய சிலிப்பரும் வேண்டாம். பழைய சிலிப்பர் எது, பள்ளிச் சப்பாத்து எது என்று அது பிரித்துப் பார்க்காது.

சாயங்காலம் ஏழு மணி வாக்கில் வெறி பிடித்ததுபோல் வீட்டைச் சுற்றி ஓடி எல்லார் காலையும் கவ்வுகிறதா? பெரும்பாலும் அது தூக்கக் கலக்கம். குட்டிநாய் ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யார் தூங்க விடுகிறார்கள்? ஒரு மூலையில் பெட்டி வைத்து, பாதி மூடி, அங்கே போய்விட்டால் யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். எனக்குத் தெரிந்து கடி பாதியாகக் குறைந்தது இதனால்தான். நடக்கக் கூட்டிப்போவதும் வேண்டும், ஆனால் வெயில் ஏறுவதற்கு முன், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

மச்சானின் பிரம்புக்கு வருகிறேன். அடித்தால் சில நேரம் நிற்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கை என்றாலே பயம் என்று கற்றுக்கொண்ட நாய், மகன் தடவக் கை நீட்டும்போது முந்திக்கொண்டு கடிக்கும். உறுமினால் அதற்கும் அடிக்காதீர்கள். உறுமல் சைக்கிள் மணி மாதிரி, “தள்ளிப் போ” என்று அது கொடுக்கும் எச்சரிக்கை. மணியைக் கழற்றிவிட்டால் சைக்கிள் வருவது தெரியாமல்தான் மோதும்.

செல்லக்கடி எது, உண்மைக் கடி எது என்று உடம்பைப் பார்த்தால் தெரியும். விளையாடும் நாயின் உடம்பு வளைந்து குழையும், வாய் தளர்ந்து திறந்திருக்கும். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண்ணில் வெள்ளை தெரிய, தட்டுக்கு மேல் அசையாமல் நின்றால் அது விளையாட்டு இல்லை, பிள்ளையை மெதுவாக அப்புறப்படுத்துங்கள். இது திரும்பத் திரும்ப நடந்தாலோ, தோலில் ஓட்டை விழும்படி கடித்தாலோ நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். சாப்பிடும் நாய், தூங்கும் நாய் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது. கட்டிப்பிடிப்பதும் வேண்டாம், நமக்குத்தான் அது அன்பு, பல நாய்களுக்குச் சிறை. சின்னப் பிள்ளையையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

தோல் கிழிந்துவிட்டால் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியது, நம் ஊரில் இல்லை என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். நாய்க்குத் தடுப்பூசியும் நகராண்மைக் கழக உரிமமும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளை மைலோவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆசையாகப் பார்ப்பான். ஆனால் நாயின் எச்சில் பட்டால் இஸ்லாமிய முறைப்படி அவர்கள் அந்த இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால், கழுவ வேண்டும். நம் நாய் பாய்ந்ததற்கு அவன் அம்மா ஏன் சிரமப்பட வேண்டும்? அவர்கள் வந்தால் முதலில் நாயைக் கட்டிவிட்டு அப்புறம்தான் கேட்டைத் திறப்பேன்.

மைலோவுக்கு இப்போது எட்டு மாதம். பிள்ளைகளைக் கடிப்பதில்லை, வேன் வந்தால் உட்காருகிறது, விருந்தாளி வந்தாலும் பெரும்பாலும் உட்காருகிறது. அப்பாவைப் பார்த்தால் மட்டும் இன்னும் நெஞ்சு உயரத்துக்குப் பாய்கிறது. இவ்வளவு பழக்கியும் இவரிடம் மட்டும் ஏன் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். போன வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அரை மேரி பிஸ்கட் இருந்தது.