வியட்நாமியத்தில் உளறலும் வாய்க்கொழுப்பும்: எந்தச் சொல்லை யாரிடம் சொல்லலாம்?

வியட்நாமியத்தில் வணக்கம், எண்கள் எல்லாம் ஓரளவு வந்தவர்களுக்கான பதிவு இது. இங்கே தருவது ஹோ சி மின் நகரப் பக்கத்து, அதாவது தெற்கத்தி உச்சரிப்பு.

முதலில் லேசான சொற்கள். 'நொய் ஸாம்' என்றால் உளறுவது. 'தாவ் லாவ்' வெட்டிப்பேச்சு. 'செம் யோ' என்பதன் நேர்ப்பொருள் காற்றை வெட்டுவது. நாம் பீலா விடுவது என்போம். இவையெல்லாம் நண்பர்களுக்குள் சகஜம். மூத்தவரிடம் மட்டும் வேண்டாம்.

அடுத்து கனமானவை. பெரியவர்கள் பேசும்போது சின்னப்பிள்ளை நடுவில் புகுந்தால் 'நொய் லெவ்', அதாவது அதிகப்பிரசங்கித்தனம். பெரியவரை மரியாதையில்லாமல் எதிர்த்துப் பேசினால் 'ஹோன்'. 'மத் யய்' இன்னும் மோசம். வளர்ப்பு சரியில்லை என்று பெற்றோரையும் சேர்த்துத் திட்டுவது. காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், வாயில் வரவே கூடாது.

மூன்றாவது படிதான் முக்கியம்: ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் மரியாதை கெடும் இடம். அதற்கு 'நொய் ட்ரோங் கோங்' என்று பெயர். நம் மொழியில் மொட்டையாகப் பேசுவது. பக்கத்து வீட்டு அம்மா "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார். "அன் ரோய்" என்றால் 'சாப்பிட்டாச்சு'. இலக்கணப்படி சரி, ஆனால் மூத்தவர் முகம் சுருங்கும். "யா, கொன் அன் ரோய்" என்று சொல்லுங்கள். 'யா' பணிவுச் சொல். 'கொன்' என்றால் பிள்ளை, இங்கே 'நான்' என்பதற்குப் பதிலாக வருகிறது. வடக்கே 'கொன்' இடத்தில் 'சாவ்' வரும். தமிழில் 'சாப்பிட்டீங்களா' என்னும்போது வினையிலேயே மரியாதை வந்துவிடுகிறது. வியட்நாமிய வினைச்சொல் யாருக்காகவும் மாறாது. மரியாதையைப் பெரும்பாலும் உறவுச்சொல்லும் 'யா'வும்தான் சுமக்கின்றன. அதனால் திட்டும் சொற்களுக்கு முன்னால் உறவுச்சொற்களை மனப்பாடம் செய்யுங்கள்.

கடைசியாக, எழுதுவது. எழுத்து விசைகளையே தட்டிக் குறி போடும் டெலெக்ஸ் விசைப்பலகையைத்தான் சிபாரிசு செய்வேன். எண்களைத் தட்டிக் குறி போடும் விஎன்ஐ முறையைவிட அதில் கை வேகமாக ஓடும். 'ஹோன்' எழுதிவிட்டு எக்ஸ் தட்ட மறக்காதீர்கள். சுரக்குறி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி, விழாவிட்டால் அது 'முத்தம்' ஆகிவிடும்!

பின்சேர்க்கை: 'தாவ் லாவ்'இல் வரும் லாவும், சிலர் கருத்தில் கேட்டிருந்த 'லாவ்' என்ற வசவும் ஒன்றா? இல்லை. முதலாவது சமமான சுரம், இரண்டாவது ஏறும் சுரம். ஏறும் 'லாவ்' ஹனோயில் திமிரைக் குறிக்கும். தெற்கே 'நொய் லாவ்' என்றால் பொய் சொல்வது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால், குறிப்பேட்டில் வியட்நாமிய எழுத்திலேயே சுரக்குறியோடு எழுதி வையுங்கள்.