பவுண்டன் குளிர்பானத்தின் இனிப்பைச் சரிசெய்யும் முறை

சிரப்பையும் சோடா நீரையும் கலந்து குவளையில் ஊற்றும் பவுண்டன் இயந்திரத்தில் கோலா திகட்டினால், பலரும் உடனே சிரப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைத்தான் தேடுகிறார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் உணவகத்திலோ சிரப் சரியாகவே வந்துகொண்டிருந்தது. வடிகட்டி அடைத்துச் சோடா நீர்தான் குறைந்திருந்தது. ஆகவே முதலில் நீர், கடைசியில் சிரப் என்ற வரிசையை மாற்றாதீர்கள். இயந்திரம் இரவல் என்றால், திருகைத் தொடுமுன் அதைக் கொடுத்த நிறுவனத்திடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

சிரப் பெட்டியின் மீது கலவை விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக அது 5 பங்கு சோடா நீருக்கு 1 பங்கு சிரப். கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) அழுத்தத்தையும் சிரப் பை காலியாகவில்லை என்பதையும் பார்த்தபின், சில குவளைகளை ஊற்றிக் கொட்டிவிட்டு, பானம் 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்திருக்கிறதா என்று வெப்பமானியில் பாருங்கள். குளிராத நீரில் கேஸ் தங்காது, நுரைதான் பொங்கும்.

பானம் விழும் வால்வின் முன்மூடியைக் கழற்றினால் இரண்டு திருகுகள் தெரியும். எது சிரப்புக்குரியது என்பதைக் குழாயைத் தொடர்ந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். நீரின் வேகத்தை இயந்திரக் கையேடு சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்தபின், முனையைக் கழற்றி, சிரப் துளையில், சிரப்பை நீரோடு கலக்காமல் தனியே விழச்செய்யும் பிரிப்புக் குழாயைப் பொருத்துங்கள். இங்கேதான் கணக்குப் பிசகும். புதிதாகப் பொருத்திய குழாய் வெறுமையாக இருப்பதால், முதலில் விழவேண்டிய சிரப் அதை நிரப்பவே போய்விடும். அந்த அளவை நம்பித் திருகைத் திறந்தால் பானம் பாகாகிவிடும். எனவே குழாயின் நுனியில் சிரப் சொட்டும் வரை ஒருமுறை ஓடவிட்டுவிட்டு, அதன் பிறகே பிரிக்ஸ் கப்பை, அதாவது நீரையும் சிரப்பையும் தனித்தனியே அளக்கும் ஈரறைக் கப்பைப் பிடியுங்கள்.

நுரை அடங்கியதும் கப்பின் இரு அறைகளிலும் மட்டம் ஒன்றாக இருந்தால் விகிதம் சரி. சாதாரண அளவுக்குவளைகள் என்றால் 250 மில்லிலிட்டர் நீருக்கு 50 மில்லிலிட்டர் சிரப் விழவேண்டும். சிரப் மிகுந்தால் அதன் திருகை வலப்பக்கம் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி அளந்து பாருங்கள்.

பானத்தின் சர்க்கரை அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். என்னைக் கேட்டால் பிரிக்ஸ் கப்பே போதும். அந்தக் கருவிக்குப் பானத்தின் கேஸை முழுவதும் ஆற்றியாக வேண்டும், சர்க்கரையில்லாத டயட் பானத்திற்கோ அது பயன்படவே படாது.

இனிப்பை வேண்டுமென்றே குறைக்க விரும்பி 6 பங்கு நீர் வைத்தால், சர்க்கரை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். கூடவே சுவையும் மெலியும், ஐஸ் கரையக் கரைய இன்னும் மெலியும். தே தாரிக்கை (மலேசிய இழுத்த தேநீர்) போலக் கோலாவையும் ‘கூராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று கேட்பவருக்காகத் திருகைத் தொடவேண்டாம். முக்கால் குவளை கோலா பிடித்து, மீதியை வெறும் சோடாவால் நிரப்பிக் கொடுங்கள்.