பெருமூளை வாதம் உள்ள பிள்ளையை இரவில் மூச்சுக்கு இதமாகப் படுக்க வைப்பது எப்படி?

கடுமையான பெருமூளை வாதத்துடன் (செரிப்ரல் பால்சி) வலிப்பு, விழுங்குவதில் சிரமம், முதுகு வளைவு ஆகியவையும் சேர்ந்துள்ள பிள்ளைகள் பலருக்குப் பகலைவிட இரவில் மூச்சு அதிகம் சிரமப்படுகிறது. உறக்கத்தில் தசைகள் தளரும்போது, மல்லாந்து கிடக்கும் பிள்ளையின் தாடையும் நாக்கும் தொண்டைப் பக்கம் சரிகின்றன. விழுங்கப்படாத உமிழ்நீர் அங்கேயே தேங்குவதோடு, வயிற்றிலிருந்து மேலேறும் உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடவும் கூடும். இப்பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்தாக முடிவது பெரும்பாலும் நுரையீரல் நோய்களே என்பதால், படுக்க வைக்கும் முறையும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

இந்த விளக்கம் ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கானது. அதற்குக் குறைந்த குழந்தைகளை, வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாத வரை, தலையணையும் துணிச் சுருளும் இல்லாத சமமான படுக்கையில் மல்லாத்தியே படுக்க வைக்க வேண்டும். முதுகிலோ இடுப்பிலோ சத்திரசிகிச்சை செய்த பிள்ளையாயின் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

1. படுக்கும் நிலையை மாற்றும் முன் கவனியுங்கள்

பிள்ளை அயர்ந்து தூங்கியதும் சட்டையை உயர்த்தி, நெஞ்சையும் வயிற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். விலா எலும்புகளின் இடையே தோல் உள்ளிழுக்கப்படுகிறதா, குறட்டையோ கொரகொரப்போ கேட்கிறதா, மூச்சு இடையில் நின்று திடுக்கிட்டு மீண்டும் தொடங்குகிறதா என்று கவனித்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சாகும். கைத்தொலைபேசியில் ஒரு நிமிடக் காணொளியும் எடுத்து வையுங்கள். கிளினிக்கில் வாயால் விவரிப்பதைவிட அது வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

2. படுக்கையைத் தயார் செய்யுங்கள்

தோட்டத்து லயக் காம்பராவில் (வரிசை வீட்டின் அறையில்) இடம் போதாமையால் வளர்ந்த பிள்ளையையும் சேலைத் தொட்டிலிலேயே உறங்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. தலையைத் தாங்க முடியாத பிள்ளைக்கு அது உகந்ததல்ல: உடல் நடுவில் மடிந்து, தாடை நெஞ்சில் முட்ட, மடங்கிய குழாய் போல மூச்சுப் பாதை ஒடுங்கிவிடும். உறுதியான மெத்தையே நல்லது. நடுவில் பள்ளம் விழுந்த தும்பு மெத்தையாயின் புரட்டிப் போடுங்கள்.

உணவு மேலேறும் பிள்ளைக்குத் தலையணைகளை அடுக்கக் கூடாது. அடுக்கினால் கழுத்து மட்டுமே வளையும். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டையும் அசையாத செங்கற்களின் மேல் நிறுத்தி, படுக்கை முழுவதையும் சரிவாக்குவதே முறை. உணவு கொடுத்த பின் குறைந்தது அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள். இலங்கை மலையகத்தில் நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் குளிரில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு விறகடுப்பருகே படுப்பது இயல்புதான். ஆனாலும் அந்தப் புகை இப்பிள்ளைகளின் நுரையீரலுக்கு நேரடிப் பகை. படுக்கை அடுப்பிலிருந்து இயன்றளவு விலகியிருக்கட்டும்.

3. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்

பல பிள்ளைகளுக்கு இந்நிலையே பொருந்துகிறது, ஏனெனில் நாக்கு பின்னே சரிவது குறைந்து, உமிழ்நீர் வாயோரமாக வெளியே வழிகிறது. பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி, அடியில் அகப்பட்ட தோளையும் கையையும் மெதுவாக முன்னே இழுத்து விடுங்கள். கழுத்து முதுகுக்கு நேராக இருக்கும் அளவுக்கு மட்டும் மெல்லிய தலையணை வைத்து, வாய் சற்றே கீழ்நோக்குமாறு முகத்தைத் திருப்புங்கள். முழங்கால்களை மடக்கி, அவற்றின் இடையே மடித்த துவாயொன்றை வையுங்கள். இறுக்கமாகச் சுருட்டிய கம்பளியை முதுகோடு சேர்த்து வைத்து, அது நகராதபடி படுக்கை விரிப்பின் அடியில் செருகுங்கள். முகத்துக்கு முன்னால் எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளை உருளாதிருக்கச் சேலையால் கட்டுவதும் கூடவே கூடாது.

எந்தப் பக்கம் என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். முதுகு வளைந்த பிள்ளை ஒரு பக்கம் படுத்தால் நன்றாக மூச்சு விட்டு, மறுபக்கம் படுத்தால் திணறலாம். இரண்டு பக்கத்திலும் மூச்சை எண்ணிப் பார்த்து இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்டுங்கள். உடல் நேராகத் தெரிகிறது என்பதற்காக மூச்சு சிரமப்படும் நிலையைத் தொடராதீர்கள். குப்புறப் படுக்கையில் சில பிள்ளைகளுக்கு மூச்சு இலகுவாவது உண்மையே எனினும், தலையைத் தானாகத் திருப்ப முடியாத பிள்ளையை அப்படி விட்டுவிட்டு நாம் உறங்க முடியாது.

பிள்ளையின் உடலை ஒரே நிலையில் தாங்கி வைக்கும் விலையுயர்ந்த படுக்கைச் சாதனங்களுக்காகக் கடன்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவை இடுப்பு மூட்டு விலகுவதைத் தடுக்கின்றனவா என்று ஆராய்ந்த 2015ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வுக்கு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அறிக்கை) உறுதியான சான்று கிடைக்கவில்லை.

4. படிப்படியாகப் பழக்குங்கள்

முதலில் பகலில், நீங்கள் அருகிலிருக்கும்போது சிறிது நேரம். பிறகு இரவின் முதல் ஓரிரு மணி நேரம். அழுதாலோ உடல் விறைத்தாலோ பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள். விடியற்காலையில் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) புறப்படும் முன் காது, தோள், இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றின் தோலைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது. சுருளையும் திருப்பும் நேரத்தையும் மாற்ற வேண்டும். பாட்டியோ அக்காவோ பார்த்துக்கொள்வதாயின், சரியான நிலையைப் படமெடுத்துச் சுவரில் ஒட்டி வைப்பது உதவும்.

காலையில் தலைவலி, பகல் முழுதும் தூக்கம், இரவில் அதிக வியர்வை, புதிதாகத் தொடங்கிய மருந்துக்குப் பின் கூடிய உமிழ்நீர் ஆகியவற்றை அடுத்த கிளினிக் வரை தள்ளிப்போடாமல் தெரிவியுங்கள். உதடு நீலமானாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், சேவை இலவசமானது. வாகனம் லயத்தடி வரை ஏற முடியாத தோட்டமாயின், அது எந்தச் சந்தியில் நிற்கும், பிள்ளையை அங்கே யார் தூக்கி வருவது என்பதை முன்கூட்டியே அயலவரோடு பேசி வையுங்கள்.