நாள்பட்ட நோயோடு வாழ்பவர் தன்னார்வத் தொண்டைத் தொடங்கும் முறை

மூட்டுவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, தீராத வலி போன்றவற்றோடு பல ஆண்டுகள் வாழ்பவர், நாளடைவில் பிறருடைய கண்ணுக்கு உதவி பெறுபவராக மட்டுமே தெரியத் தொடங்குகிறார். மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள். ஆனால் அவரிடம் ஓர் உதவி கேட்க எவருக்கும் மனம் வராது. அன்பினால் வரும் தயக்கம்தான், என்றாலும் அது ஆளைச் சுருக்கிவிடுகிறது. உதவி செய்பவரே பல வேளைகளில் அதனால் கூடுதலான பயன் அடைகிறார் என்று அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் எழுதினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர் உருவாக்கிய நோய் மேலாண்மைப் பயிற்சியும், நாள்பட்ட நோயுள்ளவர்களே வகுப்பை நடத்தலாம் என்ற எண்ணத்தில் அமைந்தது.

தொண்டு நிறுவனத்தைத் தேடுவதற்கு முன் ஒரு குறிப்பேட்டைத் தேடுங்கள். இரண்டு வாரங்களுக்கு, எந்த வேளையில் உடல் ஒத்துழைக்கிறது, எந்த வேலைக்குப் பின் படுக்க நேர்கிறது என்று எழுதி வாருங்கள். களைப்பு அன்றைக்கே தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கு, செய்த வேலையின் விளைவு ஓரிரு நாள் கழித்தே வரக்கூடும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் அதிலேயே போய்விடும். மிஞ்சும் நாள்களை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கூட்டம் கூடும் இடத்துப் பணியை ஒப்புக்கொள்வதற்கு முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

குறிப்பேடு கையில் வந்தபின், நல்ல நாளை அல்ல, மோசமான நாளை அளவாக வைத்து வாக்குக் கொடுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். உடல் லேசாக இருக்கும் ஒரு காலைப் பொழுதின் உற்சாகத்தில் வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் வாரமே மன்னிப்புக் கேட்க நேர்ந்தால், தொண்டு தர வேண்டிய தன்னம்பிக்கையை அதுவே பறித்துவிடும்.

ஆகவே, நீங்கள் ஒரு நாள் வராவிட்டாலும் நின்றுபோகாத வேலையே முதல் வேலையாக இருக்கட்டும். 2000ஆம் ஆண்டு தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் இணையத்தளத்தில் பழைய நூல்களின் பக்கங்களை ஒவ்வொன்றாக மெய்ப்புத் திருத்தலாம். ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாலும் அது முடிந்த வேலைதான். பார்வையற்றவர்களுக்குக் காணொளி அழைப்பில் உதவும் பி மை ஐஸ் செயலியில், உங்களால் எடுக்க முடியாத அழைப்பு மற்றொரு தன்னார்வலருக்குப் போய்விடும். விக்கிப்பீடியாவில் எழுதலாம், குரல் தெளிவாக உள்ளவர்கள் லிப்ரிவாக்ஸ் தளத்துக்காக நூல்களை வாசித்துப் பதியலாம்.

ஒரு நிறுவனத்தில் சேர்ந்தால், ஒருங்கிணைப்பாளரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. வேலையைப் பாதிக்கும் அளவுக்குச் சொன்னால் போதும். "என் உடல்நிலை காரணமாகச் சில நாள்களில் முன்னறிவிப்பின்றி வர இயலாது, அன்று என் இடத்தில் யார் இருப்பார் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கு ஏற்றதல்ல. நோய்க்கான அரசு உதவித்தொகையோ காப்பீட்டுத் தொகையோ பெறுபவர்கள், தொண்டு செய்வதால் அதற்குத் தடை உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அதே நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவரோடு பேசும் பணி, எல்லாவற்றிலும் வலுவானது என்பது என் கருத்து. ஊசி போட்டுக்கொள்ளும் பயம், அலுவலகத்தில் எப்படிச் சொல்வது என்ற குழப்பம், இரவில் வரும் வலி ஆகியவை பற்றி உங்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடநூலிலும் அதே வடிவில் இல்லை. இத்தனை ஆண்டு பட்ட பாடு அப்போது அனுபவ அறிவாக மாறுகிறது. ஆனால் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ யோசனை சொல்லாதீர்கள். கேட்பதே அங்கே பெரும்பகுதி வேலை. நீங்கள் பேசிவந்தவரின் நோய் முற்றும்போது உங்கள் அச்சமும் கிளம்பும் என்பதால், பயிற்சியும், மனம் கனத்தால் பேசுவதற்கு ஒரு மூத்த தன்னார்வலரும் உள்ள குழுவையே தேர்ந்தெடுங்கள்.

மூன்று மாதம் கழித்துக் குறிப்பேட்டை மறுபடி திறந்து, தொண்டு செய்த நாளுக்கு அடுத்த இரண்டு நாள்கள் எப்படிக் கழிந்தன என்று பாருங்கள். படுக்கையில் கழிந்திருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். எளிதாகக் கழிந்திருந்தால் அரை மணி நேரம் மட்டும் கூட்டுங்கள்.