காசிமேட்டுப் படகை மையிலும் நீர்வண்ணத்திலும் வரைவது: பென்சிலிலிருந்து அச்சு வரை

சிறுவர் கதை ஒன்றுக்கு எட்டுப் படங்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். கதை சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் நடக்கிறது. இரண்டாவது படம் மூன்று மாலைகள் எடுத்தது. வலை, கயிறு, தார்ப்பாய் எல்லாம் மையில் கோடு கோடாக முடித்துவிட்டு, வானத்துக்கு முதல் நீலத்தை இழுத்தேன். தூரிகை பாய்மரக் கம்பத்தைத் தொட்டதுதான் தாமதம், மை கரைந்து வானமெல்லாம் சாக்கடை ஓடியது. மறுநாள் காலை படத்தைக் கொடுக்க வேண்டும். அன்றிரவு கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். பென்சில் பிடிக்கவும் படகை ஓரளவு படகு போல வரையவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், போய்ப் பாருங்கள்

புகைப்படத்தைப் பார்த்து வரையலாம். ஆனால் ஒருமுறையாவது துறைமுகத்தில் உட்கார்ந்து வரையுங்கள். விடியற்காலை ஏல நேரம் வேண்டாம். கூடையோடு ஓடுகிறவர்களுக்கு நடுவே நோட்டுப் புத்தகத்தை விரித்தால் திட்டுதான் கிடைக்கும், அது நியாயமும்கூட. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி அசையாமல் நிற்கும். புதிதாக வரைகிறவருக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. வெயிலுக்குத் தொப்பி மட்டும் மறக்க வேண்டாம்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இந்தக் கயிற்றுக்கு மறுமுனை எங்கே?” அழகுக்காக இழுத்த கயிறு அது. அந்தரத்தில் தொங்கியது. அன்றிலிருந்து எந்தக் கயிறு வரைந்தாலும் இரண்டு முனையையும் தேடிவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.

சின்னப் படங்கள்

விசிட்டிங் கார்டு அளவில் ஆறு கட்டம். ஒவ்வொன்றிலும் வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றே நிறம், 4பி பென்சில். ஒரு கட்டத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். கறுப்பு எங்கே விழுகிறது என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

நகல் எடுப்பது

தேர்ந்தெடுத்த கட்டத்தைச் சாதாரண ஏ4 தாளில் பெரிதாக வரைந்து, அழித்து, திருத்தி முடியுங்கள். நல்ல தாளில் நேரடியாக அழித்து அழித்து வரைந்தால் மேற்பரப்பு நார் நாராக எழும்பி, வண்ணத்தை அங்கே திட்டாகக் குடிக்கும்.

நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள் வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் காகிதக் கடைகளில் சுற்றிப் பார்த்து, தொட்டுப் பார்த்து வாங்கலாம். இவ்வளவு தடித்த தாளில் ட்யூப்லைட் வெளிச்சம் ஊடுருவாது; அடியில் படத்தை வைத்துப் பார்த்து வரைய முடியாது. அதனால் படம் வரைந்த ஏ4 தாளின் பின்புறம் முழுக்க 2பி பென்சிலால் தேய்த்து, நல்ல தாள் மேல் வைத்து, சிவப்புப் பால்பாயின்ட் பேனாவால் கோட்டின் மேலேயே அழுத்தாமல் வரையுங்கள். சிவப்பு ஏன்? எந்தக் கோடு முடிந்தது, எது பாக்கி என்று உடனே தெரியும்.

மை

நான் விழுந்த பள்ளம் இதுதான்.

என் பேனா மைக்குப்பியில் ‘பெர்மனன்ட்’ என்று அச்சிட்டிருந்தது. நிலையானது என்றால் தண்ணீருக்கும் கரையாது என்று நானே எண்ணிக்கொண்டேன். ஃபவுன்டன் பேனா மையில் அந்தச் சொல் பெரும்பாலும் எளிதில் வெளுக்காது, துணியில் பட்டால் போகாது என்ற அளவில்தான். சாதாரணப் பேனா மை என்பது நீரில் கரைந்த சாயம். ஈரத் தூரிகை பட்டால் மறுபடி கரையும். நிறமி மை வேறு. அதில் மிக நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. காய்ந்ததும் தாளின் நாரைப் பற்றிக்கொள்ளும். பிக்மா மைக்ரான் வகைப் பேனாக்களில் இருப்பது இதுதான். கரியும் அரக்கும் சேர்ந்த இந்தியன் இங்க் அதைவிட உறுதி. ஆனால் அதை ஃபவுன்டன் பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தொட்டெழுதும் நிப்புக்கே அது.

சரியான மை வாங்கினாலும் வேலை முடியவில்லை. நல்ல நீர்வண்ணத் தாளில் பசை பூசியிருப்பார்கள்; மை உடனே உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், அது காய எடுக்கும் நேரம் எரிச்சலூட்டும். ஆகவே இந்தச் சோதனை: அதே தாளின் துண்டில் அதே பேனாவால் நான்கு கோடுகளும் பக்கத்திலேயே நான்கு கறுப்புக் கட்டங்களும் போடுங்கள். ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம், ஓர் இரவு என இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஈரத் தூரிகையால் இழுத்துப் பாருங்கள். என் வீட்டில் மெல்லிய கோடு பத்து நிமிடத்தில் தேறியது. கறுப்புக் கட்டத்துக்கு இரவு முழுக்கத் தேவைப்பட்டது. இந்தத் துண்டை மேசைக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மை நன்றாகக் காய்ந்ததும், வண்ணத்துக்கு முன்பாக, பென்சில் கோடுகளை அழித்துவிடுங்கள். வண்ணம் மேலே ஏறிவிட்டால் பென்சில் அடியிலேயே சிறைப்படும்.

பன்னிரண்டு பேனா கொண்ட பெட்டி வாங்காதீர்கள். 0.1, 0.5 முனை அளவுகள் இரண்டும் போதும். வலைக்கும் கயிற்றுக்கும் நான் நிப்பையே விரும்புகிறேன்; அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும் கோடு பேனாவில் வராது.

வண்ணம்

தாளின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். பெரிய பரப்பு முதலில், வெளிர் முதல் அடர் வரை. துறைமுகத்துத் தண்ணீர் நீலமில்லை, நின்று பாருங்கள். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்தால் வரும் சாம்பல்தான் அதற்கு நெருக்கம். கொஞ்சம் பச்சை சேர்க்கலாம்.

ஸ்கேன்

600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசிப் படம் வேண்டாம், ஒரு பக்கம் மஞ்சளடிக்கும். அச்சுக்கு அனுப்பும்போது 300 டிபிஐ போதும். ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல். மிக வெளிர்ந்த பூச்சுகளை ஸ்கேனர் விழுங்கிவிடும் என்பதால் வானத்தை நினைப்பதைவிட ஒரு படி அடர்த்தியாகவே பூசுங்கள்.

பிற்சேர்க்கை: சோதனையில் தேறிய மை படத்தில் கரைந்தது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்ததில், சோதனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒற்றியெடுத்திருக்கிறார். படத்திலோ தூரிகையால் நாலைந்து முறை தேய்த்திருக்கிறார். சோதனையிலும் தேயுங்கள்.

இன்னொன்று: டேப்பை உரிக்கும்போது தாள் கிழிகிறது என்று மூவர் சொன்னார்கள். தாள் முற்றிலும் காயட்டும். பிறகு டேப்பின் மேல் ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் சில நொடி காட்டி, மேல்நோக்கி இழுக்காமல் தாளோடு படியவைத்து, படத்துக்கு வெளிப்பக்கமாக மெதுவாக உரியுங்கள்.