மதிப்பெண் பட்டியலை ஸ்டேட்டஸில் போடும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க மதிப்பெண் பட்டியல்தான். பிள்ளை நல்ல மார்க் எடுத்தால் பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரே படத்தில் பெயர், பதிவு எண், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் இருக்கின்றன. "உங்கள் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது" என்று போன் போட்டு ஏமாற்றுகிறவர்களுக்கு இவ்வளவு போதும். விவரமெல்லாம் சரியாகச் சொல்கிறாரே என்று பெற்றோரும் நம்பிவிடுவார்கள். அப்புறம் க்யூஆர் கோடு அனுப்பி, பின் நம்பரைப் போடச் சொல்வார்கள். நமக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை.

மார்க் இருக்கும் பகுதியை மட்டும் கிராப் செய்து போடுங்கள். போனில் உள்ள ஹைலைட்டரால் கிறுக்கி மறைப்பதை நம்ப வேண்டாம். பார்க்கக் கறுப்பாக இருந்தாலும், பிரைட்னஸைக் கூட்டினால் அடியில் உள்ள எண் தெரிந்துவிடலாம்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போனால், ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். என்றோ ஒருநாள் வேலைக்கு வந்தவர், வீட்டு புரோக்கர் என்று சேமித்த நம்பர்களை அதில் விலக்கிவிடுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது சரி, எடுத்த ஸ்கிரீன்ஷாட் மறையாது.